‘100% மறுசுழற்சி’ என்று அச்சடித்த காபிப் பை: சேலத்திலிருந்து வழக்குப் போட முடியுமா?

நாகலூர் காபித்தோட்டம் (ஏற்காடு)

வணக்கம். சட்டம் தெரிந்தவர்களும் பழைய பிளாஸ்டிக் வியாபாரம் தெரிந்தவர்களும் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. பழமாகவே விற்றால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. அதனால் நானே காயவைத்து, வறுத்து, அரைத்து, 250 கிராம் பாக்கெட்டாக ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் ஒரு சின்னக் கடையில் விற்கிறேன். கூடவே மிளகும். வேலைக்கு ஆள் வைக்கவில்லை, நானும் மாமியாரும்தான். குடும்பம் ஓடுவதே இதில்தான்.

பை வாங்கிய இடத்தில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று சாதாரண சில்வர் பை. இன்னொன்று வெளியே பழுப்புக் காகிதம், வால்வு, ஜிப் எல்லாம் வைத்தது. அதன் பின்பக்கம் அடியில் மூன்று அம்பு முக்கோணமும், ‘100% மறுசுழற்சி செய்யத்தக்கது, பூமிக்கு நல்லது’ என்று இங்கிலீஷில் அச்சும் இருந்தது. இதற்கு ஒரு பைக்கு 3 ரூபாய் கூடுதல். பில்லிலும் ‘ரீசைக்கிளபிள் பவுச்’ என்றே போட்டிருக்கிறார்கள். இங்கே காட்டெருமைகள் குப்பைத் தொட்டியில் வாய் வைத்து, கவரோடு சேர்த்து மெல்வதைக் கண்ணால் பார்க்கிறவர்கள் நாங்கள். காசு கூடப் போனாலும் பரவாயில்லை என்று அதையே எடுத்தேன்.

காலிப் பையைத் திருப்பித் தந்தால் அடுத்த பாக்கெட்டில் 5 ரூபாய் குறைப்பேன் என்று கடையில் எழுதி வைத்தேன். உள்ளூர்க்காரர்கள் நிறையப் பேர் கழுவிக் காயவைத்தே கொண்டுவந்து கொடுத்தார்கள். சாக்கு நிறைந்ததும் சேலம் போகிற சரக்கு வண்டியில் ஏற்றி, பழைய பிளாஸ்டிக் எடுக்கிற கடைக்கு அனுப்பினேன். சாக்கு அப்படியே திரும்பி வந்தது. குப்பை வண்டிக்காரரைக் கேட்டால், “இது எதிலும் சேராதும்மா, எரிக்கப் போற மூட்டையிலதான் போகும்” என்கிறார்.

ஒரு பையைக் கத்தரியால் வெட்டி, ஓரத்தை நகத்தால் கிள்ளிப் பிரித்துப் பார்த்தேன். மேலே காகிதம். அதன் அடியில் மொடமொடவென்று ஒரு தாள், இழுத்தால் கிழியாமல் விரலை அறுக்கிறது. அதற்குள் வெள்ளி நிறத்தில் ஒரு படலம். கடைசியாக, காபித்தூள் படுகிற பக்கத்தில், இழுத்தால் நீளுகிற மெத்தென்ற பிளாஸ்டிக். வெந்நீரில் ஊறப்போட்டேன். காகிதம் மட்டும் கழன்றது. மற்ற மூன்றும் ஒட்டினபடியே கிடந்தன.

விற்றவர்களுக்குப் போன் செய்தேன். “அதற்கான வசதி இருக்கிற இடத்தில் மறுசுழற்சி பண்ணலாம்மா” என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

என்னை நம்பிக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு நான் என்ன சொல்வது? இப்படி அச்சடித்து விற்பதைச் சட்டத்தில் கேட்க முடியுமா? எங்கே போக வேண்டும்? எவ்வளவு செலவாகும்?

செவ்வாய்பேட்டை பழைய சாமான்

அக்கா, உங்கள் சாக்கு எங்கள் கடைக்கு வந்திருந்தாலும் நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் இருக்கிறது.

நாங்கள் எடுப்பது பெட் பாட்டில், பால் கவர், குடம், பக்கெட், உடைந்த சேர், மூடி. ஒவ்வொன்றும் ஒரே பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால்தான் அதற்கு விலை. பால் கவரை அலசி, உருக்கி, குருணையாக்கி பைப்புக்கும் கறுப்புக் கவருக்கும் கொடுத்துவிடலாம். அது 110, 120 டிகிரியிலேயே இளகிவிடும். உங்கள் பையின் உள்பக்கம் இருப்பதும் அதே பாலித்தீன் ஜாதிதான். ஆனால் விரலை அறுத்தது என்றீர்களே, அது பாட்டில் செய்கிற ‘பெட்’ பிளாஸ்டிக்காக இருக்கும். அது உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். பாலித்தீன் சூட்டில் ஓட்டினால் பெட் உருகாமல் துணுக்குத் துணுக்காக நின்று மெஷின் சல்லடையை அடைக்கும். பெட் சூட்டில் ஓட்டினால் பாலித்தீன் கருகிப்போகும். நடுவில் அலுமினியம் வேறு. ஒரு மூட்டை நல்ல மாலில் இந்தக் கவர் பத்து கலந்தாலே குருணை வாங்குகிறவர் விலையை இறக்கிவிடுவார்.

ஆக, இது போகிற இடம் சிமெண்ட் ஆலைதான். அழுத்திக் கட்டாகக் கட்டி லாரியில் அரியலூர் பக்கம் அனுப்புவார்கள், சூளையில் நிலக்கரியோடு எரியும். எங்களுக்கு அதில் ஏற்றுக்கூலிகூடக் கட்டாது.

இன்னொன்று. முக்கோணத்துக்குள் எண் இருக்கிறதா பாருங்கள். 1 பெட், 2 கெட்டிப் பாலித்தீன், 4 மெல்லிசுப் பாலித்தீன், 5 பாலிப்ரொப்பிலீன், 7 என்றால் மற்றவை. இப்போது ஒரே பிளாஸ்டிக்கில் செய்த பவுச்சும் மார்க்கெட்டில் வருகிறது. அதையும் இதையும் கையில் வைத்தால் எனக்கே சட்டென்று வித்தியாசம் தெரியாது. எங்கள் கடையில் தரம் பிரிக்கிற அம்மாக்கள் ஒரு கவரைப் பார்க்கிற நேரம் ஒரு நொடி. எண் இல்லாத முக்கோணத்தால் அவர்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அதை யாருக்காகப் போட்டார்களோ!

சேலம் வழக்கறிஞர்

கேட்க முடியும். உங்கள் விஷயத்தில் ஆதாரமும் நன்றாகவே இருக்கிறது. பில்லையும் வெட்டாத சில பைகளையும் பத்திரமாக வையுங்கள்.

முதலில் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று பார்ப்போம். “இவர் கடைக்காரர், வியாபாரத்துக்கு வாங்கினார், நுகர்வோரே அல்ல” என்பார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7) வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று இருக்கிறது. வேலைக்கு ஆள் இல்லை, குடும்பம் இதில்தான் ஓடுகிறது என்று நீங்கள் எழுதிய இரண்டு வரிதான் உங்களுக்குக் கவசம். மனுவில் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லுங்கள்.

அடுத்து, “இது விளம்பரமா, வெறும் பைதானே” என்பார்கள். பிரிவு 2(1) விளம்பரம் என்பதில் லேபிள், உறை, பில் மூன்றையும் சேர்த்திருக்கிறது. உங்களிடம் மூன்றுமே இருக்கின்றன.

இனி முக்கியமான விஷயம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பூச்சுக்கு, அதாவது ஆதாரம் இல்லாமல் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று காட்டிக்கொள்வதற்கு, எதிரான வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. ‘பூமிக்கு நல்லது’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ போன்ற பொத்தாம்பொதுவான வார்த்தைகளைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் போடக்கூடாது. ‘மறுசுழற்சி செய்யத்தக்கது’, ‘மட்கக்கூடியது’ மாதிரி குறிப்பாகச் சொன்னால், நம்பத்தக்க சான்றிதழோ அறிவியல் ஆதாரமோ சுயேச்சையான சரிபார்ப்போ இருந்தாக வேண்டும். அதை வாங்குகிறவர் பார்க்கும்படி பாக்கெட்டிலோ கியூஆர் கோடு வழியாகவோ தர வேண்டும். ஆகவே, பை மறுசுழற்சி ஆகாது என்று நீங்கள் ஆய்வுக்கூடம் வைத்து நிரூபித்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும் என்பதில்லை. ஆகும் என்று அச்சடித்தவர்தான் அதற்கான தாளைக் காட்ட வேண்டும்.

“சிமெண்ட் சூளைக்குப் போவதும் மறுசுழற்சிதான்” என்று யாராவது வாதாடினால் கவலைப்படாதீர்கள். பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2022 பிப்ரவரியில் சேர்த்த உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறை, சூளையில் எரிப்பதையும் எண்ணெயாக்குவதையும் ரோட்டில் போடுவதையும் ‘இறுதி அகற்றல்’ என்று தனியாக வைத்திருக்கிறது. பிளாஸ்டிக்கோடு வேறு பொருள் சேர்ந்த பல அடுக்கு உறைகளுக்கு அதில் தனி வகையே உண்டு, மூன்றாவது வகை. காகிதமும் வெள்ளிப் படலமும் சேர்ந்த உங்கள் பை அதில்தான் வரும்.

எங்கே போவது என்றால் இரண்டு வழி, இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

பலபேரைப் பாதிக்கிற தவறான விளம்பரம் பற்றி, பிரிவு 17-இன் கீழ் மாவட்ட ஆட்சியரிடமே எழுத்தில் புகார் தரலாம். இது நிறையப் பேருக்குத் தெரியாது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பட்டா, முதியோர் உதவித்தொகை மனுக்களோடு இதையும் கொடுக்க முடியும். ஆட்சியர் விசாரித்து மத்திய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப அதிகாரம் இருக்கிறது. ஆணையம் அந்த வாசகத்தை நிறுத்தச் சொல்லலாம். முதல் தடவை 10 லட்சம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணை மனுவில் குறிப்பிடுங்கள்.

இரண்டாவது, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, நீங்களே ஆஜராகலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். கூடுதலாகக் கொடுத்த பணம், நஷ்ட ஈடு, அந்த வாசகத்தை நிறுத்தும் உத்தரவு, அவர்கள் செலவிலேயே திருத்த விளம்பரம், எல்லாம் கேட்கலாம். பையில் என்னென்ன அடுக்கு என்று தகராறு வந்தால் ஆணையம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தக் கட்டணத்தை மட்டும் நீங்கள் கட்ட வேண்டி வரலாம்.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப் போடாதீர்கள். அந்த வாசகம் இருக்கிற பையில் உங்கள் லேபிளை ஒட்டி விற்கும்போது, சட்டத்தின் பார்வையில் நீங்களும் அந்தச் சங்கிலியில் ஒரு வியாபாரி. ஆணையத்தின் உத்தரவு தயாரிப்பாளருக்கு மட்டுமல்ல, வியாபாரிக்கும் போகும். கையிருப்புப் பைகளில் அந்த வரியை ஸ்டிக்கரால் மறைத்துவிட்டு விற்பனையைத் தொடருங்கள்.

மேச்சேரி டு சான் ஹோசே

ஊர்ப் பேச்சைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. காபியை வைத்தே இங்கே அமெரிக்காவில் பெரிய வழக்கு நடந்தது.

கியூரிக் என்ற கம்பெனியின் காபி மெஷினில் போடுகிற சின்ன பிளாஸ்டிக் கப் பற்றியது. மூடியை உரித்து, தூளைக் கொட்டிவிட்டு மறுசுழற்சித் தொட்டியில் போடலாம் என்று அதில் அச்சடித்திருந்தார்கள். 2018-இல் கலிபோர்னியாவில் ஒரு பெண் வழக்குப் போட்டார். பிளாஸ்டிக் என்னவோ 5-ஆம் எண், நல்ல ரகம்தான். ஆனால் கப் மிகச் சின்னது; தரம் பிரிக்கிற ஆலைகளில் பிடிபடாமல் குப்பையோடு போய்விடுகிறது என்பதுதான் வாதம். கடைசியில் கம்பெனி 1 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. கனடாவில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கிற ஆணையம் தனியாகப் பிடித்தது: கியூபெக், பிரிட்டிஷ் கொலம்பியா தவிர மற்ற இடங்களில் உள்ளூர் நிர்வாகங்கள் பெரும்பாலும் அதை எடுப்பதே இல்லை. 2022 ஜனவரியில் 30 லட்சம் கனடா டாலர் அபராதம், அதுபோக 8 லட்சம் சுற்றுச்சூழல் அமைப்புக்கு நன்கொடை. பிறகு 2024-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 15 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஏன் தெரியுமா? மறுசுழற்சி ஆலைகளில் சோதித்துப் பார்த்தோம், ஆகிறது என்று ஆண்டறிக்கையில் எழுதியவர்கள், இரண்டு பெரிய மறுசுழற்சி நிறுவனங்கள் ‘இதை நாங்கள் எடுக்க மாட்டோம்’ என்று சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

“வசதி இருக்கிற இடத்தில்” என்ற பதில் இங்கேயும் பழைய பதில்தான். அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் பசுமை வழிகாட்டி, பொருள் விற்கிற இடங்களில் குறைந்தது 60 சதவீதம் பேருக்கு அந்த வசதி இருந்தால்தான் நிபந்தனை போடாமல் ‘மறுசுழற்சி செய்யத்தக்கது’ என்று சொல்லலாம் என்கிறது. 2021-இல் கலிபோர்னியா இயற்றிய எஸ்.பி. 343 சட்டம் அம்பு முக்கோணத்துக்கே இந்த மாதிரி நிபந்தனை வைத்தது.

எல்லா வழக்கும் ஜெயித்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வால்மார்ட் மேல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட வழக்கு, அந்த லேபிளை நம்பி ஏமாந்தவர் கிரீன்பீஸ் அல்ல என்ற காரணத்தால் நிற்கவில்லை. இல்லினாய் மாநிலத்தில் 7-இலெவன் என்ற கடைக் கம்பெனி மேல் போட்ட வழக்கில், பக்கத்தில் ஆலை இல்லை என்ற வாதத்தை நீதிபதி 2022-இல் ஏற்கவில்லை. ஆனால் பொருளின் மேல் பிளாஸ்டிக் எண்ணே இல்லை, அதனால் எந்த ஆலையிலும் பிரிக்க முடியாது என்ற பகுதியைத் தொடர அனுமதித்தார். செவ்வாய்பேட்டை அண்ணன் எண்ணைப் பார்க்கச் சொன்னது எவ்வளவு சரி பாருங்கள். அக்கா, நீங்கள் 3 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கியவர். நம்பி ஏமாந்தவர் யார் என்ற கேள்வியே உங்கள் விஷயத்தில் எழாது.

பெரிய எண்ணெய் கம்பெனியான எக்ஸான்மொபில் மேலேயே கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் ராப் பொன்டா 2024 செப்டம்பரில் வழக்குத் தொடுத்திருக்கிறார். பிளாஸ்டிக் எல்லாம் மறுசுழற்சி ஆகிவிடும் என்று பல பத்தாண்டுகளாக மக்களை நம்பவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ‘நவீன மறுசுழற்சி’ என்று அவர்கள் சொல்லும் முறையில் போகிற கழிவில் 92 சதவீதம் பிளாஸ்டிக்காகத் திரும்புவதில்லை, பெரும்பாலும் எரிபொருளாகத்தான் ஆகிறது என்று மனுவில் இருக்கிறது. சூளையில் எரிப்பதும் மறுசுழற்சிதான் என்று அங்கே யாராவது வாதாடினால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஆத்தூர் ஜவ்வரிசி

பிளாஸ்டிக் பையே வேண்டாம் என்று ‘மரவள்ளி மாவுப் பை’ பக்கம் போய்விடாதீர்கள் என்று எச்சரிக்கத்தான் எழுதுகிறேன். மரவள்ளி எங்கள் மண்ணின் பயிர், அதன் பெயரைச் சொன்னால் சேலத்தில் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். சந்தையில் அந்தப் பெயரில் வருகிற எல்லாமே உண்மையானவை அல்ல. மட்கும் பை என்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும், சான்றிதழ் எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் பையிலேயே இருக்க வேண்டும். உண்மையான பைகூட 58 டிகிரி சூட்டில் வைத்து ஆறு மாதக் கணக்கில் சோதிக்கப்பட்டதுதான். ஏற்காட்டுக் குளிரில் மரத்தடியில் போட்டால் அப்படி மட்காது.

நாகலூர் காபித்தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. முக்கோணத்துக்குள் எண் இல்லை, இப்போதுதான் விளக்கு வெளிச்சத்தில் மறுபடியும் பார்த்தேன். ஸ்டிக்கருக்குச் சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து அந்த வரி தெரியாமல்தான் பாக்கெட் வெளியே போகும்.

வக்கீல் ஐயா, ஒரு சந்தேகம். கம்பெனிக்கு முதலில் கடிதம் எழுத வேண்டுமா, நேரே கலெக்டரிடம் போகலாமா? இன்னொன்று, அதே பையை வாங்கிய வேறு இரண்டு பேர் ஏற்காட்டில் இருக்கிறார்கள். ஒருவர் தேன் விற்கிறார், இன்னொருவர் மசாலா. சேர்ந்து போடலாமா?

சேலம் வழக்கறிஞர்

கடிதம் கட்டாயம் இல்லை, ஆனால் எழுதுங்கள். “இந்தப் பையைச் சேலம் மாவட்டத்தில் எந்த ஆலை மறுசுழற்சி செய்கிறது, அதற்கான சான்றிதழ் என்ன, 15 நாளில் தெரிவிக்கவும்” என்று இரண்டே கேள்வி. வேறு எதுவும் வேண்டாம், கோபம் வேண்டாம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். பதில் வராவிட்டால் அதுவே உங்களுக்கு ஆதாரம். வந்தால், அவர்கள் சொல்கிற ஆலையைக் கேட்டே சரிபார்த்துவிடலாம். கலெக்டர் மனுவுக்கு இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சேர்ந்து போடலாம். ஒரே நலன் உள்ள பலருக்காக ஒருவரோ சிலரோ, ஆணையத்தின் அனுமதி வாங்கி மனு செய்ய பிரிவு 35 இடம் தருகிறது. தேன்காரரும் மசாலாக்காரரும் ஆள் வைத்து நடத்துகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். அப்படியென்றால் அவர்களைக் கலெக்டர் மனுவில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே நுகர்வோரா இல்லையா என்ற கேள்வி இடிக்காது.

நாகலூர் காபித்தோட்டம்

புரிந்தது ஐயா. தேன்காரர் தனி ஆள். மசாலாக்காரரிடம் நாலு பேர் வேலை செய்கிறார்கள், அவர் கலெக்டர் மனுவில் மட்டும் கையெழுத்துப் போடட்டும். வருகிற திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கே கீழே இறங்குகிறோம். சேலத்தில் இந்தப் பையை வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் பில்லோடு வாருங்கள்.

செவ்வாய்பேட்டை பழைய சாமான்

நானும் வருகிறேன் அக்கா. இந்த ரகத்தை ஏன் எடுப்பதில்லை என்று கடை லெட்டர்பேடிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். சாக்கை மட்டும் கொண்டுவர மறந்துவிடாதீர்கள், அதிகாரிகள் முன்னாலேயே ஒன்றைப் பிரித்துக் காட்டலாம். மனு பதிகிற வரிசை நீளமாக இருக்கும், எட்டரைக்கெல்லாம் வாசலில் இருப்போம்.